அக்கா மகனின் சிகிச்சைக்கு நான்கு கோடி ரூபாய்: எங்கிருந்து தொடங்குவது?

கொழிஞ்சாம்பாறை தாய்மாமன்:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எல்லையை ஒட்டிய ஊரில் வாழும் தமிழ்க் குடும்பம். என் அக்காவின் மூத்த மகனுக்கு 24 வயது. சென்ற ஆண்டு கழுத்தில் கட்டி எழும்பியபோது கோயம்புத்தூரில் பயாப்சி செய்தோம். அது 'டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் லிம்போமா' என்னும் நிணநீர்ப் புற்றுநோய் என்று முடிவு வந்தது. முதலில் கொடுத்த கீமோவில் கட்டி கரைந்து, எல்லோரும் மூச்சு விட்ட சில மாதங்களுக்குள் நோய் திரும்பிவிட்டது. அதன் பிறகு கொடுத்த கடுமையான கீமோவுக்கும் அது முழுதாக அடங்கவில்லை. இனிக் கார்-டி செல் சிகிச்சையைத்தான் யோசிக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

அத்தானின் தம்பி பல ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் இருக்கிறார். செய்தி கேட்ட வாரத்திலேயே அங்குள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் எஸ்டிமேட் வாங்கி அனுப்பிவிட்டார். ஏறக்குறைய ஆறு லட்சம் சிங்கப்பூர் டாலர், நம் பணத்தில் நான்கு கோடி ரூபாய்க்குப் பக்கம் வருகிறது. அத்தானுக்கு இருப்பது மூன்று ஏக்கர் தென்னந்தோப்பும் குடியிருக்கும் வீடும்தான். தோப்பை விற்றாலும் பாதிக்குக்கூட வராது. அதுவும் அவசரத்துக்கு விற்கிறோம் என்று தெரிந்தால் கேட்கிறவர்கள் என்ன விலைக்குக் கேட்பார்கள் என்பது ஊரறிந்த விஷயம்.

தாய்மாமன் என்ற முறையில் பணம் திரட்டும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள். இணையத்தில் நிதி திரட்டும் தளங்களில் போடுவதா, ஊரில் குழு அமைப்பதா, வளைகுடாவில் இருக்கும் உறவினர்கள் மூலம் வசூல் செய்வதா, அப்படிச் சேரும் பணத்தை வெளிநாட்டு மருத்துவமனைக்கு எப்படி அனுப்புவது என்று எதுவும் தெளிவாக இல்லை. இதில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மருந்தகத்து அக்கா:

தம்பி, நான் திருச்சூரில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு மருந்தகத்தில் வேலை செய்கிறேன், மருத்துவர் அல்ல. நீங்கள் பணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் எவ்வளவு பணம் என்பதைத் தீர்மானிப்பது உங்கள் கையிலுள்ள அந்த எஸ்டிமேட் காகிதம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கார்-டி சிகிச்சையில் நோயாளியின் இரத்தத்திலிருந்து டி செல் என்னும் வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, புற்றுநோய்ச் செல்லை அடையாளம் காணும் மரபணுவை அவற்றுக்குள் செலுத்தி, ஆய்வகத்தில் பெருக்கி, மீண்டும் உடலுக்குள் ஏற்றுகிறார்கள். அமெரிக்காவில் இதன் முதல் மருந்து 2017 ஆகஸ்டில் அனுமதி பெற்றபோது அதன் விலை 4,75,000 டாலர். உங்கள் மருமகனுக்கு வந்துள்ள வகை லிம்போமாவுக்கு அதே ஆண்டு அக்டோபரில் வந்த மருந்தின் விலை 3,73,000 டாலர். இவை மருந்துக்கு மட்டுமான விலைகள். படுக்கை, தீவிர சிகிச்சைப் பிரிவு எல்லாம் தனி. உங்கள் எஸ்டிமேட் நான்கு கோடியில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் 2023 அக்டோபரில் நம் நாட்டிலேயே உருவான நெக்ஸ்கார்19 என்னும் கார்-டி சிகிச்சைக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்துவிட்டது. மும்பை ஐஐடியும் டாடா மெமோரியல் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கியதை, ஐஐடியிலிருந்து பிறந்த இம்யூனோஆக்ட் நிறுவனம் தயாரிக்கிறது. 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் மும்பையில் அதைத் தொடங்கி வைத்தார். 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, திரும்பி வந்த பி-செல் லிம்போமாவுக்கும் பி-செல் இரத்தப் புற்றுநோய்க்கும் அனுமதிக்கப்பட்டது. அறிமுகமானபோது அதன் விலை நாற்பது லட்சத்தைச் சற்றே தாண்டி இருந்தது. மரபணுவைச் சுமந்து செல்லும் வெக்டரை இறக்குமதி செய்யாமல் இங்கேயே தயாரிப்பது விலை இறங்கியதற்கு ஒரு முக்கியக் காரணம். 2025-ல் பெங்களூரின் இம்யூனீல் நிறுவனமும் கார்டெமி என்ற பெயரில் ஒன்றைக் கொண்டுவந்தது. வேலூர் சிஎம்சியில் மருத்துவமனைக்குள்ளேயே செல்களைத் தயாரித்து ஆய்வு முறையில் கொடுத்திருக்கிறார்கள்.

நெக்ஸ்கார்19 பற்றி 2025-ல் வெளியான ஆய்வில், மதிப்பிடப்பட்டவர்களில் சுமார் 73 சதவீதம் பேருக்கு நோய் குறைந்தது அல்லது மறைந்தது. நோய் குறைவது நிரந்தரக் குணம் ஆகாது; பலருக்குத் திரும்பவும் வந்திருக்கிறது. வெளிநாட்டு மருந்துகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், நான்கு கோடி கட்டினால் நோய் திரும்பாது என்று எந்த மருத்துவமனையும் எழுதித் தருவதில்லை.

ஆகவே வசூலுக்குச் சுவரொட்டி அடிப்பதற்கு முன்னால் ஒரு காகிதம் வாங்குங்கள். பயாப்சி அறிக்கை, பெட் ஸ்கேன், இதுவரை கொடுத்த கீமோவின் விவரம் எல்லாவற்றையும் வைத்து, கார்-டி செய்து பழகிய இந்திய மையம் ஒன்றில் இரண்டாவது கருத்தை எழுத்தில் கேளுங்கள். பயாப்சி பிளாக்கை, அதாவது பயாப்சிக்கு எடுத்த திசுவைப் பதப்படுத்திய மெழுகுக் கட்டியை, வாங்கி வைத்துக்கொள்ளவும். எங்கே போனாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். "இந்தச் சிகிச்சை இந்தியாவில் இவருக்குச் செய்யலாமா, செய்யக்கூடாது என்றால் என்ன காரணம்?" என்ற ஒரே கேள்விக்கு அவர்கள் பதில் எழுதித் தரட்டும். நாளைக்கு நன்கொடை கேட்டு நிற்கும்போது விவரம் தெரிந்த ஒவ்வொருவரும் அதையே உங்களிடம் கேட்பார்கள்.

கொழிஞ்சாம்பாறை தாய்மாமன்:

அக்கா, மிக்க நன்றி. இந்தியாவில் கிடைக்கும் என்று எங்கள் மருத்துவரும் ஒரு வரி சொன்னார். அந்தச் சமயத்தில் சிங்கப்பூர்ப் பேச்சு வீட்டை நிறைத்துவிட்டதால் அது யார் காதிலும் ஏறவில்லை. இரண்டாவது கருத்துக்கு எழுதுகிறேன். ஆனால் வீட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. சிங்கப்பூர்ச் சித்தப்பா தன் பங்காக ஐம்பது லட்சம் தருவதாகச் சொல்கிறார். அங்கே வந்தால்தான் தன்னால் பார்த்துக்கொள்ள முடியும் என்கிறார். "செலவைப் பார்த்துப் பிள்ளையை இங்கேயே வைத்துக்கொண்டோம் என்ற பேச்சு நாளைக்கு வரக்கூடாது" என்று அக்காவும் அழுகிறாள். அவளிடம் விலைப்பட்டியலை நீட்ட எனக்கு வாய் வரவில்லை.

சென்னைத் தங்கை:

உங்கள் அக்காவின் பக்கம் நின்று ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். வெளிநாட்டுச் சிகிச்சை என்றாலே வீண் ஆசை என்று பலரும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் உறவுக் குழந்தை ஒன்றுக்கு நியூரோபிளாஸ்டோமா வந்தபோது, தீவிர வகைக்குக் கொடுக்க வேண்டிய எதிர்ப்புரத மருந்து, அமெரிக்காவில் 2015-லேயே அனுமதி பெற்ற ஒன்று, அன்று இங்கே எளிதில் கிடைக்கவில்லை. அதற்காக நாங்கள் கையேந்தியதில் எந்த வெட்கமும் இல்லை. சில அரிய கட்டிகளுக்கும், சில ஆய்வுச் சிகிச்சைகளுக்கும், கடல் தாண்டுவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போவது உண்மை.

அதே சமயம், புரோட்டான் கதிர்வீச்சுக்கு வெளிநாடு போக வேண்டும் என்று இன்னமும் ஏஜென்டுகள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது 2019-லிருந்து சென்னை தரமணியிலேயே இருக்கிறது. நோயைப் பொறுத்தும் ஆண்டைப் பொறுத்தும் பதில் மாறும் என்பதால்தான் மருந்தகத்து அக்கா சொன்ன எழுத்துக் கருத்து அவசியம். அதை அக்காவிடம் நீங்கள் விலைப்பட்டியலாக நீட்ட வேண்டாம். மருத்துவர் முன்னிலையில் அவரே கேட்கட்டும்: சிங்கப்பூரில் கொடுப்பதும் இங்கே கொடுப்பதும் எந்த விதத்தில் வேறு, எதில் பிள்ளைக்கு நல்லது? தாய் நேரடியாகக் கேட்டு வாங்கும் பதிலுக்கு இருக்கும் எடை, தம்பி வந்து சொல்வதற்கு இருக்காது.

இன்னொன்று, அந்த எஸ்டிமேட்டில் என்னென்ன இல்லை என்று பாருங்கள். எங்களுக்கு வந்ததில் தீவிர சிகிச்சைப் பிரிவு நாட்கள் சேர்க்கப்படவில்லை; துணைக்குப் போகிறவர்களின் வாடகையும் இல்லை. கார்-டிக்குப் பிறகு கடுமையான காய்ச்சல், இரத்த அழுத்தம் இறங்குவது, நினைவு தடுமாறுவது ஆகியவை வரக்கூடும் என்பதால், சில வாரங்கள் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்கியாக வேண்டும். 'சிக்கல்கள் ஏற்பட்டால் தனிக் கட்டணம்' என்று கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். திரட்ட வேண்டிய தொகை உண்மையில் அந்த வரியில்தான் ஒளிந்திருக்கிறது.

வேலந்தாவளம் சமிதி:

தாய்மாமன் அவர்களுக்கு, நானும் உங்கள் பக்கத்து ஊர்தான். எங்கள் பஞ்சாயத்தில் சிகிச்சா சகாய சமிதிகள், அதாவது ஒருவரின் சிகிச்சைக்குப் பணம் திரட்டும் ஊர்க் குழுக்கள், சிலவற்றில் பொருளாளராக இருந்திருக்கிறேன். கேரளத்தில் இதற்கென்று பழகிப்போன ஒரு முறை இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ளவர்களுக்கு அது புதிதாகத் தோன்றலாம் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வார்டு மெம்பரைப் பாருங்கள். அவரைத் தலைவராகவோ கன்வீனராகவோ வைத்து ஒரு பொதுக்கூட்டம் கூட்டுவார்கள். பள்ளிவாசல், கோயில் கமிட்டி, சர்ச், எல்லாக் கட்சிக்காரர்கள், வியாபாரி சங்கம், குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் என்று யாரையும் விடாமல் அழைக்க வேண்டும். ஒரு கட்சிக்காரர் மேடையில் இல்லையென்றால் அவருடைய ஆட்களின் வீதியில் உண்டியல் நிறையாது. இதை வெளிப்படையாகச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. அந்தக் கூட்டத்தின் தீர்மான நகலை வைத்துத்தான் வங்கியில் கணக்குத் தொடங்க வேண்டும். தலைவர், கன்வீனர், பொருளாளர் மூவர் பெயரில் கூட்டுக் கணக்கு, இருவர் கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாயும் எடுக்க முடியாது என்ற ஏற்பாடு. நோயாளியின் குடும்பத்தார் அதில் கையெழுத்திடுபவராக இல்லாமல் இருப்பது குடும்பத்துக்கே பாதுகாப்பு. பின்னால் யார் என்ன கேட்டாலும் "சமிதியைக் கேளுங்கள்" என்று அவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம்.

வசூலில் மூன்று வழிகள் எங்கள் பக்கம் நன்றாக நடந்திருக்கின்றன. ஒன்று, தனியார் பஸ்காரர்கள் ஒரு நாள் ஓட்டத்தை நோயாளிக்கென்று விட்டுத்தருவது. அன்றைக்கு டிக்கெட் கிடையாது; கண்டக்டர் வாளியுடன் வருவார், பயணிகள் விரும்பியதைப் போடுவார்கள். டிரைவரும் கண்டக்டரும் அன்றைய கூலியையும் சேர்த்து விட்டுக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், பாலக்காடு தடத்தில் ஓடுகிறவர்களிடம் சங்கத்தின் வழியாகக் கேளுங்கள், தனித்தனியாகக் கேட்க வேண்டாம். கல்லூரி திறந்திருக்கும் நாளாகப் பார்த்துக் குறியுங்கள். விடுமுறை நாளில் பஸ் ஓடும், வாளி நிறையாது.

இரண்டாவது பிரியாணி சேலஞ்ச், அதாவது டோக்கன் விற்று வீடுகளுக்குப் பிரியாணிப் பொட்டலம் கொடுத்துப் பணம் சேர்ப்பது. இதில் சமைப்பதைவிடக் கணக்குதான் பெரிய வேலை. டோக்கன்களை வார்டு வாரியாக எண்ணிட்டுக் கொடுத்து, விற்காத டோக்கனைச் சமையலுக்கு முந்தைய நாள் மாலைக்குள் திரும்ப வாங்கிவிட வேண்டும், இல்லையென்றால் அரிசி எவ்வளவு போடுவது என்றே தெரியாது. அரிசியும் கோழியும் ஸ்பான்சர் கிடைத்தால் மட்டுமே லாபம் நிற்கும். பொட்டலம் கட்டப் பெண்கள் அதிகாலையில் வருவார்கள். பத்து மணிக்குள் பைக்குகள் கிளம்பிவிட வேண்டும். சைவம் சாப்பிடும் வீடுகளுக்குத் தனிப் பொட்டலம் வைக்க மறந்துவிடாதீர்கள், நம் பக்கத்தில் அப்படிப்பட்ட வீடுகள் அதிகம்.

மூன்றாவது, ஒரே நாளில் எல்லா வார்டுகளிலும் வீடு வீடாகச் செல்வது. ஒவ்வொரு குழுவிலும் அந்த வீதிக்காரர் ஒருவர் இருக்க வேண்டும், ரசீதுப் புத்தகம் எண்ணிட்டதாக இருக்க வேண்டும்.

இவற்றால் எவ்வளவு வரும் என்று நேர்மையாகச் சொல்கிறேன். ஒரு பஞ்சாயத்து முழு மூச்சாக இறங்கினால் இருபது, முப்பது லட்சம் வரை திரட்டிவிடலாம் என்பது நான் கண்ட அளவு. நாற்பது லட்சத்துச் சிகிச்சைக்கு இந்த ஊர் உங்களோடு கடைசிவரை நிற்கும். நான்கு கோடி என்று சுவரொட்டியில் அடித்தால், நூறு ரூபாய் தருகிறவருக்குத் தன் நூறு ரூபாயால் என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் வந்து கை பின்வாங்கும். எட்ட முடியும் என்று தெரிகிற தொகைக்குத்தான் ஜனங்கள் கொடுப்பார்கள்.

அரசு உதவியையும் இதோடு சேர்த்தே பாருங்கள். ரேஷன் கார்டு கேரளத்தில் இருப்பதால் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டில் நீங்கள் வரமாட்டீர்கள். கேரள அரசின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பம் சேர்ந்திருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் வரை, பட்டியலில் உள்ள மருத்துவமனையில் மட்டும். கோயம்புத்தூரே நமக்குப் பக்கம் என்பதால் எல்லோரும் அங்கே ஓடிவிட்டு, பிறகு கார்டு செல்லவில்லையே என்று நிற்கிறார்கள். மருத்துவமனையில் சேருவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். கேரள முதலமைச்சர் நிவாரண நிதிக்கு அட்சயா என்னும் அரசு இணையச் சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இந்தக் காப்பீட்டுத் திட்டங்கள் எதுவும் வெளிநாட்டுச் சிகிச்சைக்கு உதவாது என்பதையும் சித்தப்பாவிடம் சொல்லுங்கள். மும்பைக்குப் போவதானால் ரயிலில் புற்றுநோய் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் முழுச் சலுகை உண்டு, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையின் சான்றிதழை முன்பே வாங்கிக்கொள்ளவும்.

ஷார்ஜா சித்தூரான்:

வளைகுடா உறவினர்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் தனி ஆட்கள் நன்கொடை திரட்டுவது சட்டப்படி குற்றம். 2021-ல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. உரிமம் பெற்ற தொண்டு அமைப்புகள் மட்டுமே திரட்டலாம். இணையவழிக் குற்றச் சட்டத்திலும் இது இருக்கிறது. அபராதம் லட்சக்கணக்கான திர்ஹாமில் போகும். நம் ஆட்கள் பாசத்தில் சுவரொட்டியை எல்லா வாட்ஸப் குழுவிலும் தட்டிவிடுவார்கள். அறையில் நான்கு பேர் சேர்ந்து காசு போடுவதற்கும், ஒருவர் தன் எண்ணைக் கொடுத்துப் பொதுவில் "அனுப்புங்கள்" என்று எழுதுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இரண்டாவதைச் செய்துவிட்டு வேலையையும் விசாவையும் இழப்பதற்கு யாரையும் தூண்டாதீர்கள்.

பிழையில்லாத வழி, இங்கே உள்ளவர் ஒவ்வொருவரும் தன் சம்பளத்திலிருந்து தானே நேராக ஊர்க் கணக்குக்கு வங்கி மூலமோ எக்ஸ்சேஞ்ச் மூலமோ அனுப்புவது. நடுவில் ஒருவர் வசூலித்துக் கட்டக்கூடாது. ஹவாலா ஆள் ரேட் கூடத் தருகிறேன் என்று வருவார். சமிதிக் கணக்கில் அந்தப் பணம் நுழைந்தால் மற்றவர்கள் கொடுத்த நல்ல பணமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

கவுண்டருக்கு உள்ளே இருப்பவன்:

நான் வங்கி ஊழியன், அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்தவன். மேலே ஷார்ஜா நண்பர் சொன்னதிலிருந்து தொடர்கிறேன்.

இந்தியக் குடியுரிமை உள்ளவர் வெளிநாட்டில் சம்பாதித்து முறையான வங்கி வழியில் அனுப்பும் பணம் அந்நிய நன்கொடைச் சட்டத்தில் வராது. ஆனால் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் ஆகியோர் அந்தச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். சித்தப்பா குடியுரிமை பெற்றவராக இருந்தால் அவருடைய ஐம்பது லட்சம் சமிதிக் கணக்குக்கு வரவே கூடாது. உடன்பிறந்த அண்ணனுக்கு, அதாவது உங்கள் அத்தானின் சொந்தக் கணக்குக்கு அவர் அனுப்பலாம். உறவினரிடமிருந்து ஆண்டுக்கு 10 லட்சம் வரை அரசுக்கு எதுவும் தெரிவிக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் தெரிவிக்க வேண்டும். 2022-க்கு முன்னால் இந்த வரம்பு 1 லட்சம்தான். சிகிச்சை சிங்கப்பூரிலேயே என்றால் அவர் இங்கே அனுப்பத் தேவையே இல்லை, அங்கேயே மருத்துவமனையில் கட்டிவிடலாம்.

இங்கிருந்து வெளியே அனுப்புவதைப் பார்ப்போம். ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். உங்கள் எஸ்டிமேட் அதைத் தாண்டுகிறது. மருத்துவச் சிகிச்சைக்கு மட்டும், மருத்துவமனையின் மதிப்பீட்டுக் கடிதத்தைக் காட்டி அந்த வரம்புக்கு மேலும் அனுப்ப வழி இருக்கிறது. இதோடு வங்கி மூல வரி பிடிக்கும். 2025-26 நிதியாண்டில் சிகிச்சைக்கான தொகையில் 10 லட்சத்துக்கு மேற்பட்டதற்கு அது 5 சதவீதமாக இருந்தது. விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும் என்பதால் அனுப்பும் ஆண்டின் கணக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த விகிதப்படி நான்கு கோடிக்குப் பத்தொன்பது லட்சத்துக்கும் மேல் முன்கூட்டியே பிடிக்கப்பட்டிருக்கும். வருமான வரிக் கணக்குக் காட்டித் திரும்பப் பெறலாம், ஆனால் நோயாளி படுக்கையில் இருக்கும் மாதத்தில் அந்தப் பணம் கையில் இருக்காது. இதை யாரும் எஸ்டிமேட்டில் எழுதித் தருவதில்லை.

சமிதிக் கணக்கு தொடங்கும் அன்றே கிளை மேலாளரைப் பார்த்து, பல ஊர்களிலிருந்து சிறு சிறு தொகையாக வரப்போகிறது என்று தீர்மான நகலோடு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். இணைய மோசடிப் பணம் யாரோ ஒருவர் வழியாக யுபிஐ மூலம் நுழைந்து, எங்கோ வட மாநிலக் காவல்துறையின் கடிதத்தால் கணக்கு முடக்கப்பட்ட சம்பவங்கள் கேரளத்தில் நிறைய நடந்தன. முன்பே எழுதிக் கொடுத்திருந்தால் விடுவிப்பது சுலபம். சுவரொட்டியில் க்யூஆர் கோடுக்குக் கீழே கணக்கின் பெயரைப் பெரிதாகப் போடுங்கள். உங்கள் சுவரொட்டியின் படத்தை எடுத்து, க்யூஆர் குறியீட்டை மட்டும் மாற்றிப் பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயர் சுவரொட்டியில் உள்ள பெயரோடு ஒத்திருந்தால் மட்டும் அனுப்பவும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

வருமான வரியைப் பற்றியும் ஒன்று. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவருக்கு ஆண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் அது வருமானமாகக் கருதப்படலாம். அதனால் பொதுமக்கள் பணத்தை அத்தானின் சேமிப்புக் கணக்கில் வாங்காதீர்கள். சமிதிக் கணக்கிலிருந்து மருத்துவமனையின் பெயருக்கே நேரடியாகப் போகட்டும், ஒவ்வொரு பில்லும் கோப்பில் இருக்கட்டும், ஆடிட்டர் ஒருவரிடம் தொடக்கத்திலேயே கேளுங்கள். கொடுப்பவர்களுக்கு 80ஜி வரிச்சலுகை கிடைக்கும் என்று ஆசை காட்ட வேண்டாம், தனி நபருக்கான வசூலில் அது கிடையாது.

சென்னைத் தங்கை:

நிதி திரட்டும் இணையத் தளங்கள் பற்றி யாரும் சொல்லவில்லையே. கெட்டோ, மிலாப், இம்பாக்ட்குரு போன்ற தளங்கள் மருத்துவமனைக் கடிதத்தைக் கேட்டுச் சரிபார்க்கும். பணத்தை நேராக மருத்துவமனைக்கே அனுப்பவும் வழி உண்டு. தளக் கட்டணம், பணப் பரிமாற்றக் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி, விளம்பரம் செய்தால் அதற்கு ஒரு பங்கு என்று எவ்வளவு கழியும் என்பதைக் கையெழுத்திடுமுன் எழுத்தில் வாங்குங்கள். பக்கம் திறந்துவிட்டால் பணம் தானாக வரும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். முதல் வாரத்தில் கொடுப்பவர்கள் எல்லோரும் உங்களுக்குத் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள்; பழைய வகுப்புத் தோழர்கள், வேலை செய்த இடம், உறவுமுறை. அவர்கள் பகிர்ந்த பிறகுதான் முகம் தெரியாதவர்கள் வருவார்கள்.

படத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குழாய் செருகி, முடி கொட்டி, அழுதுகொண்டிருக்கும் படம் வேண்டும் என்றுதான் தளத்தின் ஆள் கேட்பார். உங்கள் மருமகன் 24 வயது இளைஞன், அவனிடம் கேட்காமல் எந்தப் படத்தையும் போடாதீர்கள். குணமாகி வேலை தேடும்போதும், பெண் பார்க்கும்போதும் அந்தப் படம் இணையத்தில் இருந்துகொண்டேதான் இருக்கும். கல்லூரி நாளில் எடுத்த நல்ல படம் ஒன்றே போதும். அவன் வேண்டாம் என்றால், படமே இல்லாமல் மருத்துவரின் கடிதத்தை மட்டும் போடலாம். ஊருக்குள் திரட்டுவதற்கு அதுவே தாராளம்.

பொள்ளாச்சி பெரியவர்:

எல்லோரும் பணம் போதாமல் போவதைப் பற்றியே பேசுகிறீர்கள். மிஞ்சினால் என்ன செய்வது? 2021-ல் வட கேரளத்தில் அரிய தசை நோயுள்ள ஒரு குழந்தைக்கு 18 கோடி ரூபாய் ஊசி தேவைப்பட்டபோது, சில நாட்களிலேயே 46 கோடிக்கு மேல் குவிந்து, போதும் என்று கணக்கை மூடும் நிலை வந்தது. அதே ஆண்டுதான் கேரள உயர்நீதிமன்றம் இத்தகைய வசூல்களை அரசு கண்காணிக்க வேண்டும் என்று சொன்னது. அந்த அளவுக்கு எல்லோருக்கும் நடக்காது. ஆனால் இரண்டு லட்சம் மிஞ்சினாலும் ஊரில் வாய்ப்பேச்சுக்கு அது போதும்.

இதைவிடக் கசப்பான ஒன்றையும் கேட்டுவிடுகிறேன், தம்பி மன்னிக்க வேண்டும். பணம் சேர்வதற்குள் பிள்ளையின் உடல்நிலை சிகிச்சைக்கு ஏற்றதாக இல்லாமல் போய்விட்டால் சேர்ந்த தொகை யாருக்கு? இதை அப்போது பேச யாருக்கும் தைரியம் வராது. முதல் கூட்டத்தின் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்: இதுவரையான மருத்துவக் கடனுக்கு இவ்வளவு, மீதி இந்தப் பஞ்சாயத்தில் உள்ள வேறு புற்றுநோயாளிகளுக்கு, முடிவு செய்வது சமிதி. கணக்கை மாதம் ஒரு முறை பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். மொய் நோட்டுக்கூட எழுதி வைத்துக் கணக்குப் பார்க்கிற ஜனங்கள் நாம், இதற்கு ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கொழிஞ்சாம்பாறை தாய்மாமன்:

பெரியவர் சொன்னதில் மன்னிக்க எதுவும் இல்லை; வீட்டில் யாரும் கேட்க முடியாததைக் கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கருத்து எழுத்தில் வந்துவிட்டது. இந்தியாவில் கிடைக்கும் கார்-டிக்கு மருமகன் ஏற்றவர் என்றும், செல் பிரித்தெடுப்பதை அதிகம் தள்ளிப்போட வேண்டாம் என்றும், செல் தயாராகும் வரை நோயை அடக்கி வைக்க இடைக்காலச் சிகிச்சை தேவை என்றும் எழுதியிருக்கிறார்கள். மருந்து, மருத்துவமனை, சிக்கலுக்கான ஒதுக்கீடு எல்லாம் சேர்த்து அறுபது லட்சம் என்று திட்டமிடச் சொன்னார்கள். அக்காவே காணொளி அழைப்பில் மருத்துவரிடம் கேட்டாள். சிங்கப்பூரில் கிடைக்கும் எது இங்கே கிடைக்காது என்று அவள் கேட்டபோது, உங்கள் கொழுந்தனார் அருகில் இருப்பதுதான் என்று அவர் சொன்னாராம். சித்தப்பா கொஞ்சம் வருத்தத்தோடுதான் ஒப்புக்கொண்டார். விடுப்பு எடுத்து வந்து மருத்துவமனையில் துணைக்கு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார், பணத்தை அத்தான் கணக்குக்கே அனுப்புகிறார். முழு ஐம்பது லட்சத்தையும் அவரிடம் வாங்க அத்தானுக்கு மனமில்லை, இருபது போதும் என்கிறார். மீதியில் தோப்பின் மேல் ஒரு வங்கிக் கடன், சீட்டில் எடுக்க வேண்டியது, அதற்குப் பிறகு உள்ளதற்குத்தான் சமிதி.

மருமகன் படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். வார்டு மெம்பர் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்திருக்கிறார். சமிதி நண்பருக்கு ஒரு கேள்வி: பொருளாளராகக் கட்சி சாராதவர் ஒருவரைப் போட நினைக்கிறோம், ஆனால் அவர் எங்களுக்குத் தூரத்து உறவு. அதில் தவறு உண்டா?

வேலந்தாவளம் சமிதி:

உறவு வேண்டாம், எவ்வளவு தூரமானாலும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைப் பாருங்கள், ஊரில் யார் யாரிடம் படித்தோம் என்ற மரியாதை இன்னும் இருக்கிறது. அவர் கணக்கு எழுதத் தயங்கினால் நோட்டை நான் எழுதித் தருகிறேன், கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும். ஞாயிறு கூட்டத்துக்கு நானும் வருகிறேன். தீர்மானப் படிவம் மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று கொண்டுவருகிறேன். வங்கியில் மலையாளத்தில் உள்ளதைக் கேட்பார்கள், கூட்டத்தில் தமிழில் வாசித்துவிட்டுக் கையெழுத்து வாங்கலாம்.